நரம்பு வளரும்வரை கையைக் காப்பது

யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் குருநாகல் வழியாகப் புத்தளம் போகும் ஏ10 வீதியும் பிரிகிற இடம் கட்டுகஸ்தோட்டை. மாத்தளை, உக்குவளை, அக்குறணைப் பக்கத்தில் ஒருவருக்குக் கையில் பெரிய காயம் பட்டால், இந்தச் சந்தியைக் கடந்துதான் அவர் பெரும்பாலும் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ வந்து சேருவார். மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்ட இளைஞர், கித்துல் மரத்திலிருந்து விழுந்தவர், கவ்வாத்துக் கத்தி மணிக்கட்டில் இறங்கியவர், ஜன்னல் கண்ணாடியில் கையை அறுத்துக்கொண்ட பிள்ளை என்று பல வகையினர். தோலில் உள்ள காயம் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். உள்ளே நரம்பு அறுந்திருந்தால் அதன் கணக்கு வேறு.

நரம்பைத் தைப்பது ஒரு நாள் வேலை. தைத்த நரம்பு விரல் நுனிக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கையை மடங்காமல், விறைக்காமல், சுட்டுப் புண்ணாகாமல் வைத்திருப்பது பல மாத வேலை. அதைச் செய்பவை இரண்டு: சிம்பும் பயிற்சியும். வைத்தியசாலைப் பேச்சில் சிம்புக்கு ஸ்பிளிண்ட் என்று பெயர். இவற்றால் என்ன முடியும், எது உறுதியாகத் தெரிந்தது, எதில் இன்னும் ஐயம் உண்டு, மலையகத்து மனிதருக்கு இவை எட்ட என்ன தடை என்பவற்றை ஒருசேரப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர்

நரம்புக் காயம் எல்லாம் ஒன்றல்ல. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட படையினருக்குச் சிகிச்சை அளித்த பிரித்தானிய அறுவை வைத்தியர் ஹெர்பர்ட் செடன் 1943இல் அதை மூன்றாக வகுத்தார். முதல் வகையில் நரம்பு அறுவதில்லை, அமுங்கிச் செயலிழந்திருக்கும். சில நாட்களில், அதிகம் போனால் மூன்று மாதத்தில் தானாகத் திரும்பும். இரண்டாம் வகையில் உள் இழைகள் அறுந்திருக்கும், வெளி உறை தப்பியிருக்கும். இழைகள் அந்த உறைக்குள்ளேயே வழி கண்டு திரும்ப வளரும். மூன்றாம் வகையில் எல்லாமே அறுந்துவிடும், தைத்தாலன்றி வழியில்லை. 1951இல் அவுஸ்திரேலியரான சிட்னி சன்டர்லண்ட் இதை ஐந்து படிகளாக விரித்தார். இன்றும் வைத்தியர்கள் இந்த இரண்டு அட்டவணைகளைக் கொண்டே பேசுகிறார்கள்.

வளரும் இழையின் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர், மாதத்துக்கு ஓர் அங்குலம். மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனிக்குப் போக 18, 20 சென்ரிமீற்றர் தூரம் உண்டு. ஆறேழு மாதம் ஆகும். முழங்கையில் அறுந்தால் கையின் சிறு தசைகளை எட்ட ஒரு வருடம். கழுத்தடியில் அறுந்தால் இரண்டு வருடம். ஆனால் நரம்பில்லாத தசை அவ்வளவு காலம் காத்திராது. ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடத்துக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் தசை சுருங்கி நாராகிவிடும். பிறகு நரம்பு வந்தாலும் பயனில்லை. நரம்பின் நடைக்கும் தசையின் பொறுமைக்கும் நடக்கும் இந்தப் போட்டியை மனத்தில் வைத்தால்தான் மற்றெல்லாம் விளங்கும்.

நரம்பு எதுவரை வந்திருக்கிறது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. நரம்பு ஓடும் பாதையில் விரலால் தட்டிக்கொண்டே போனால், வளரும் முனை இருக்கும் இடத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்று இழுக்கும். பிரான்சில் டினெலும் ஜேர்மனியில் ஹொஃப்மனும் 1915இல், போரின் இரு பக்கங்களில் இருந்துகொண்டு, தனித்தனியே இதை எழுதினார்கள். மாதா மாதம் அந்த இடம் கீழே இறங்கி வந்தால் நரம்பு நடக்கிறது என்று பொருள்.

மூன்று நரம்பு, மூன்று சிம்பு

கைக்கு வரும் பெரிய நரம்புகள் மூன்று: ரேடியல், மீடியன், அல்நார். எது போனது என்பதைக் கையின் தோற்றமே சொல்லிவிடும். சிம்பின் வடிவமும் அதைப் பொறுத்தே அமையும்.

ரேடியல் நரம்பு மேற்கை எலும்பை ஒட்டிச் சுற்றி வருகிறது. அந்த எலும்பு முறிந்தாலோ, கதிரையின் முதுகில் கையைப் போட்டு நெடுநேரம் உறங்கினாலோ அது பாதிக்கப்படும். மணிக்கட்டு தொங்கிப்போகும். விரலை மடக்கும் தசைகள் நன்றாக இருந்தும் பிடியில் பலம் இராது. காரணம் வேண்டுமென்றால், உங்கள் மணிக்கட்டை முன்பக்கமாக நன்றாக மடித்து வைத்துக்கொண்டு கையை இறுக்கிப் பொத்திப் பாருங்கள், முடியாது. மணிக்கட்டு சற்றுப் பின்னே நிமிர்ந்தால்தான் விரல்களுக்குப் பிடி வரும். ஆகவே மணிக்கட்டை 30 பாகை அளவில் நிமிர்த்தித் தாங்கும் ஒரு சிம்பு போட்ட உடனே அந்தக் கை கரண்டி பிடிக்கும், கதவு திறக்கும். எலும்பு முறிவோடு வரும் ரேடியல் பாதிப்பில் பெரும்பான்மை தானாகவே குணமாகிறது. மூன்று நான்கு மாதம் பார்த்துவிட்டு, அசைவு திரும்பாவிட்டால் மட்டுமே பலருக்கு நரம்பைத் திறந்து பார்க்கிறார்கள். அந்த மாதங்களில் கையைக் காப்பது சிம்பு.

அல்நார் நரம்பு போனால் மோதிர விரலும் சுண்டு விரலும் நகம்போல் வளைந்து நிற்கும். விரலின் அடிமூட்டை மடக்கி, நுனி மூட்டுகளை நிமிர்த்தும் சிறு தசைகள் செயலிழப்பதால் இப்படி ஆகிறது. இங்கே சிம்பு செய்யும் வேலை அழகானது. வளைந்த நுனியை நேரே பிடித்து நிமிர்த்தாமல், அடிமூட்டு பின்னே சாயாதபடி விரலின் மேற்புறத்தில் ஒரு சிறு தடுப்பை வைக்கிறது. அடிமூட்டு அடங்கியதும், முன்கையிலிருந்து வரும் நீண்ட தசைநாரே மீதி மூட்டுகளை நிமிர்த்திவிடுகிறது. உள்ளங்கை திறந்தே இருப்பதால் வேலையும் செய்யலாம்.

மீடியன் நரம்பு போனால் பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்காது. உள்ளங்கையோடு ஒட்டிக் கிடக்கும். பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் உணர்வும் போய்விடும். கொழுந்து பறிப்பவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கிள்ளுவது இந்த விரல்களின் நுனி உணர்வால்தான். கண் அடுத்த செடிக்குப் போய்விடும், விரல் இங்கே தானாக எடுக்கும். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள தோல் சுருங்கிவிட்டால், நரம்பு திரும்பி வந்தாலும் பெருவிரல் விரிய இடமிருக்காது. அந்த இடைவெளியைத் திறந்து வைக்க வளைந்த சிறு துண்டு ஒன்று போதும். அதை இரவில் போட மறப்பது, பின்னால் ஓர் அறுவைச் சிகிச்சையாக வந்து நிற்கும்.

சிம்பு உருவாகும் விதம்

முன்பு இதெல்லாம் மாவுக்கட்டிலும் அலுமினியத்திலும் செய்யப்பட்டது. இப்போது குறைந்த சூட்டில் இளகும் பிளாஸ்ரிக் தகடு வந்திருக்கிறது. சிகிச்சையாளர் முதலில் ஒரு தாளில் நோயாளியின் கையை வைத்துக் கோடு இழுத்து வடிவத்தை வெட்டுவார். தகட்டை 65, 70 பாகைச் சூட்டு நீரில் போட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் துணிபோல் துவளும். எடுத்துத் துடைத்து, சூட்டைத் தன் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, நோயாளியின் கையில் படர விடுவார். இறுகுவதற்குள் சில நிமிடங்களே உண்டு. அதற்குள் மணிக்கட்டின் கோணம் சரியாக இருக்க வேண்டும். உள்ளங்கையின் வளைவு தட்டையாகிவிடக் கூடாது. விரல் மடங்கும் ரேகைகளுக்குக் கீழே தகடு நின்றுவிட வேண்டும். விளிம்புகள் வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். கடைசியில் ஒட்டுப்பட்டி.

பிறகுதான் முக்கியமான சோதனை. அரை மணி நேரம் போட வைத்துவிட்டுக் கழற்றித் தோலைப் பார்ப்பார். அழுத்திய இடத்தில் சிவப்பு இருந்தால், அது எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று கவனிப்பார். "அக்கா, வீட்டுலயும் இப்படித்தான் பாக்கணும். இருபது நிமிஷத்துல செவப்பு போகலன்னா அப்படியே கொண்டு வாங்க, சரி பண்ணித் தாறேன்" என்று சொல்லி அனுப்புவதும் சிம்பின் ஒரு பகுதிதான். உணர்வில்லாத கை தானாக முறையிடாது. கண்தான் அதற்குப் பதில் முறையிட வேண்டும்.

தகடு விலை கூடியது, வெளிநாட்டிலிருந்து வருவது. அதனால் சில இடங்களில் பிவிசி குழாயை வெட்டிச் சூடாக்கி விரித்தும் செய்கிறார்கள். எந்தப் பொருளில் செய்தாலும் கோணமும் விளிம்பும் சரியாக அமைந்தால் கைக்குப் போதுமானது.

வேலூர் கற்றுத்தந்தது

உணர்விழந்த கையைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் ஒரு முக்கியமான பகுதி தமிழ்நாட்டிலிருந்து போனது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த போல் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை வைத்தியராக வந்தார். மறு வருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் வைத்தியர் ரொபர்ட் கொக்ரேன், நரம்பைத் தாக்கும் அந்த நோயால் கை பாதிக்கப்பட்டவர்களை அவருக்குக் காட்டினார். மடங்கிய விரல்களோடு இருந்த ஒருவரைப் பிராண்ட் தன் கையைப் பற்றச் சொன்னபோது, வலி எடுக்கும் அளவுக்கு அவர் இறுக்கிப் பிடித்தார். தசை எல்லாம் செத்துவிடவில்லை, சில நரம்புகள் தரும் சில தசைகளே போயிருக்கின்றன என்று பிராண்டுக்கு அந்த இடத்தில் புரிந்தது. நல்ல தசையின் நாரை எடுத்துச் செயலிழந்த இடத்தில் பொருத்தும் அறுவையை 1940களின் இறுதியில் அவர் தொடங்கினார்.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அறுவைக்கு வெளியே இருந்தது. தொழுநோயால் விரல் தானாக உதிர்கிறது என்றே அன்று பலரும் நம்பினர். நோயாளிகளின் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடிப் போனபோது, சூடான பாத்திரம், இறுகப் பிடித்த மண்வெட்டிப் பிடி, பூட்டைத் திறக்க வலு கொடுத்துத் திருகிய சாவி ஆகியவையே வெளிப்பட்டன. சிலருக்கு இரவில் எலி கடித்துக் காயமாகியிருந்தது, தெரியாமல் உறங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் பூனை வளர்க்கச் சொன்னார்கள். விரலைத் தின்றது நோயல்ல, வலி இல்லாமை. மீடியன் நரம்பு அறுந்த ஒரு தோட்டத் தொழிலாளிக்கும் இதே பாடம் பொருந்தும். விறகடுப்பும் பிளேன்டீக் கோப்பையும் அவருக்கு ஆபத்தான பொருட்கள். பிடிதுணி இல்லாமல் எதையும் தூக்கக் கூடாது. சூட்டை மற்றக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வியர்வை நின்று வறண்ட தோலைத் தினமும் தண்ணீரில் ஊற வைத்து எண்ணெய் பூச வேண்டும்.

மடங்கி விறைத்த விரலை நிமிர்த்துவதற்கும் வேலூரும் அதன் அருகிலுள்ள காரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் ஒரு முறையைப் பழக்கின. விரலை வலிந்து இழுக்காமல், எட்டும் அளவுக்கு மட்டும் நிமிர்த்தி மெல்லிய மாவுக்கட்டால் உருளைபோல் சுற்றி விடுவார்கள். சில நாள் கழித்துக் கழற்றினால் இன்னும் சிறிது நிமிரும், மறுபடி சுற்றுவார்கள். இழுத்தால் தசைநார் கிழிந்து தழும்பாகும். மெல்லத் தாங்கி வைத்தால் வளர்ந்து கொடுக்கும் என்பதே இதன் அடிப்படை. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த வேலூர் வைத்தியர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வேலூரின் புனர்வாழ்வு மருத்துவத் துறையை வழிநடத்தினார். அறுவைக்குப் பின்னால் வரும் மாதங்களுக்கும் ஒரு துறை வேண்டும் என்பதை அவர் வாழ்க்கையே நிறுவியது.

தொழுநோய் பழங்கதையும் அல்ல. இலங்கையில் தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை 1983இல் வந்தது. 1995இல் நாடு, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் அதை ஒழித்ததாக அறிவிக்கும் எல்லையை எட்டியது. என்றாலும் புதிய நோயாளர்கள் இன்றும் ஆண்டுதோறும் கண்டறியப்படுகிறார்கள். நரம்பு வீங்கி நோகும் காலத்தில் மருந்தோடு சிம்பு போட்டு மூட்டை ஓய்வாக வைத்தால் பல கைகள் தப்பும்.

மூளைக்கும் பாடம்

நரம்பு விரல் நுனிக்கு வந்துவிட்டது என்றால் வேலை முடிந்ததாகாது. வளர்ந்த இழைகள் பழைய இடத்துக்கே போய்ச் சேருவதில்லை. ஆட்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலில் தொட்டதுபோல் தோன்றும். மூளை அந்தப் புது மொழியைக் கற்க வேண்டும். சிறுபிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகத் தேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிற்சிக்கு வீட்டுச் சாமான் போதும். ஒரு தட்டில் அரிசி, பருப்பு, உளுந்து, குரக்கன் என்று தனித்தனியே வைத்து, முதலில் பார்த்தபடி தடவ வேண்டும். பிறகு கண்ணை மூடி எது எது என்று சொல்ல வேண்டும். தவறினால் கண்ணைத் திறந்து பார்த்து மறுபடி தொட வேண்டும். பத்துப் பத்து நிமிடமாக நாளுக்குச் சில தடவை செய்தால் போதும். சுவீடனின் மால்மோ நகரில் யொரன் லுண்ட்போரியும் பிர்கித்தா ரோசேனும் இந்தப் பயிற்சியை நரம்பு வருமுன்பே தொடங்கலாம் என்று காட்டினார்கள். உணர்வில்லாத விரலைத் தொடும்போது கண்ணால் பார்த்தாலே மூளையில் அந்த விரலின் இடம் அழியாமல் இருக்கிறது. கண்ணாடியில் நல்ல கையைப் பார்த்தபடி இரண்டு கையையும் அசைக்கும் பயிற்சியும் இதனோடு சேர்ந்தது. 1990களில் அதை அறிமுகப்படுத்திய வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

கழுத்தடியில் அறுந்தால்

மோட்டார் சைக்கிள் விபத்தில் தோள் கீழே இழுபட்டுத் தலை மறுபக்கம் சாய்ந்தால், கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னல் கிழியும். சில வேளை முண்ணாணிலிருந்தே பிடுங்கப்படும். கை முழுதும் தொங்கும். இங்கே தூரக் கணக்கு நம்மை எதிர்த்து நிற்கிறது. அதனால் அறுந்த இடத்தைத் தைப்பதைவிட, பக்கத்தில் நல்ல நிலையில் உள்ள நரம்பின் ஓர் இழையை எடுத்துத் தசைக்கு அருகிலேயே இணைக்கும் முறை பரவியிருக்கிறது. அல்நார் நரம்பின் ஓர் இழையைக் கொண்டு முழங்கையை மடக்கும் தசையை எழுப்பும் அறுவையை பிரான்சின் ஒபர்லின் 1994இல் வெளியிட்டார். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை இத்துறையில் நம் அண்டையில் பெயர் பெற்ற இடம்.

இந்த அறுவைகளுக்குக் காலம் முக்கியம்; ஆறு மாதத்துக்குள் செய்வதே நல்லது. அதுவரையிலும் தோள் மூட்டு கழன்று தொங்காமல் தாங்க வேண்டும். மற்றக் கையால் தோள், முழங்கை, விரல் எல்லாவற்றையும் தினமும் முழு அளவுக்கு அசைத்துக் கொடுக்க வேண்டும். விறைத்த மூட்டில் எந்த அறுவை வைத்தியரும் நரம்பு இணைக்க விரும்பமாட்டார்.

எது உறுதி, எது ஐயம்

மூட்டு விறைக்காமல் காத்தல், உணர்வில்லாத தோலைக் காத்தல், ரேடியல் பாதிப்பில் மணிக்கட்டைத் தாங்குதல் ஆகியவற்றின் பயனில் கருத்து வேறுபாடு இல்லை. சுருள்கம்பி, இறப்பர் பட்டி வைத்து விரலை இழுக்கும் அசையும் சிம்பு, அசையாத சிம்பைவிட மேலானது என்று சொல்லத் தெளிவான ஆதாரம் கிடையாது. மனிதர் எதை விடாமல் அணிவார் என்பதே தேர்வுக்கு நல்ல அளவுகோல். மணிக்கட்டில் நரம்பு அமுங்கி இரவில் கை மரத்துப்போகும் நோய்க்கு உலகெங்கும் இரவுச் சிம்பு தருகிறார்கள். அதன் பயன் இருந்தாலும் சிறியதாகவே இருக்கலாம் என்கின்றன ஆய்வுத் தொகுப்புகள். தீங்கு குறைவு என்பதால் முதலில் அதைச் செய்து பார்ப்பது நியாயமே. நரம்பில்லாத தசைக்குத் தினமும் மின்தூண்டல் கொடுப்பதில் கருத்து ஒருமிக்கவில்லை. அதற்காக மட்டும் ஒருவரை வாரம் மூன்று தடவை பஸ்ஸில் ஏற்றி வர வைப்பது சரியாகப்படவில்லை. அந்த நேரமும் பஸ் காசும் வீட்டுப் பயிற்சிக்கும் சிம்பைச் சரிபார்ப்பதற்கும் போனால் நன்மை அதிகம்.

மலையகத்தில் எங்கே அறுகிறது

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். பேராதனை மருத்துவ பீடம் 1962 முதல் இயங்குகிறது. அதே பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவப் பட்டப்படிப்பும் உண்டு. அறிவும் இடமும் அருகில் இருக்கின்றன. ஆனாலும் நல்ல அறுவைக்குப் பிறகு கை மடங்கிப்போவது நடக்கிறது. அதற்கு நான்கு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, நாட்கூலி. கிளினிக் நாள் என்றால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்கூலி, போய்விடும். நிறை குறைந்தால் அரைப்பேர்தான். ஒரு கையால் கொழுந்து பறித்து நிறை காட்ட முடியாது என்பதால் பலர் சிம்பைக் கழற்றிவிட்டு மலைக்குப் போகிறார்கள். வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமையை 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தருகிறது. அதை லயத்தில் உள்ளவருக்குச் சொல்ல வேண்டியது தொழிற்சங்கத்தின் கடமை.

இரண்டாவது, மொழி. சிம்பை எப்போது போடுவது, எப்போது கழற்றுவது, எந்த அசைவு கூடாது என்பதைத் தமிழில் விளக்கப் பல நேரம் ஆளில்லை. தமிழும் அரச கரும மொழி. படத்தோடு கூடிய ஒரு பக்கத் தமிழ் விளக்கத் தாள் பெரிய செலவு பிடிக்காது.

மூன்றாவது, கட்டு. கண்டிப் பக்கத்தில் முறிவு வைத்தியம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. மூங்கில் பத்தையும் எண்ணெயும் கொண்டு எலும்பைச் சேர்க்கும் அனுபவம் மதிக்கத்தக்கது. ஆனால் பிள்ளையின் முழங்கை முறிவில் கட்டு இறுகினால் இரத்தவோட்டம் நின்று, சில மணி நேரத்தில் தசையும் நரம்பும் சாகும். கை நிரந்தரமாக மடங்கும். ஜேர்மானியரான வொல்க்மன் 1881இலேயே இதை விவரித்தார். விரல் வெளிறினால், மரத்தால், நிமிர்த்தும்போது பிள்ளை துடித்தால் கட்டை உடனே வெட்ட வேண்டும். பாரம்பரிய வைத்தியரும் ஆங்கில வைத்தியரும் இந்த ஒன்றில் ஒரே குரலில் பேச வேண்டும்.

நான்காவது, தொடர்ச்சி. சிம்பு செய்யும் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் பெரிய வைத்தியசாலைகளிலேயே இருக்கிறார்கள். கட்டுகஸ்தோட்டை, அக்குறணை போன்ற ஊர்களின் வைத்தியசாலைகளில் வாரம் ஒரு நாளாவது சிம்பைச் சரிபார்க்கும் ஒருவர் இருந்தால், சிவப்புத் தழும்பு புண்ணாவதற்கு முன்பே தெரியும். தோட்ட மருந்தகத்தில் உள்ளவருக்கு இதை ஒரே நாளில் பழக்கலாம்.

இவை நிறைவேறக் காலம் எடுக்கலாம். உங்கள் வீட்டில் ஒருவர் இன்றைக்குக் கைக்காயத்தோடு வார்ட்டில் இருந்தால், துண்டு வெட்டி அனுப்புமுன் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்த நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, அது வந்து சேர எத்தனை மாதம் ஆகும், அதுவரை இந்தக் கைக்குத் தினமும் என்ன செய்ய வேண்டும். மூன்றுக்கும் பதில் தெரிந்த குடும்பம் அந்தக் கையின் சிகிச்சையில் பாதியைத் தானே நடத்தும்.